ஆறாவது வாரத்துக்கு ஆள் வேண்டும்

விபத்துச் செய்தி ஊருக்கு வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்தில் மூன்று கார் கிளம்பிவிடும். மறுநாள் காலை ஐசியூ வாசலில் நாற்பது பேர் நிற்பார்கள். ஹார்லிக்ஸ் பாட்டில், சாத்துக்குடி, பிரெட் பாக்கெட் என்று பை பையாக வந்து சேரும். உள்ளே படுத்திருப்பவருக்கோ வாய்வழியாக ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் எழுதி வைத்திருப்பார். கிளம்பும்போது எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள்: "எதுவா இருந்தாலும் கூச்சப்படாம கேளுங்க." மனதாரத்தான் சொல்வார்கள்.

ஆறாவது வாரம் அதே வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். காலை ஊன்றக் கூடாது என்று சொல்லி அனுப்பப்பட்டவர் கட்டிலில் இருக்கிறார். வீட்டுக்காரரின் விடுப்பு தீர்ந்துவிட்டது. ராத்திரி இரண்டு மணிக்குப் புரட்டிப் படுக்கவைக்க மூன்று பேர் வேண்டும், இருப்பது ஒருவர். பிள்ளைகளின் டிபன் பாக்ஸில் மூன்றாவது நாளாக ஊறுகாய் சோறு. ஹார்லிக்ஸ் பாட்டில் மட்டும் இன்னும் எட்டு மிச்சம் இருக்கிறது.

உதவி செய்ய மனம் இல்லாமல் இப்படி ஆவதில்லை. முதல் வாரத்திலேயே எல்லா உதவியும் செலவாகிவிடுகிறது, அவ்வளவுதான். அதை ஆறு மாதத்துக்கு நிரவுவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

பேசுவதற்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பட்டுக்கோட்டைப் பக்கம் ஊர். நாற்பதை நெருங்கும் அம்மா, ஒன்பதாவது படிக்கும் பெண், நாலாவது படிக்கும் பையன். சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் உளுந்தூர்பேட்டை அருகே கார் மோதல். அம்மாவுக்குத் தொடை எலும்பு முறிவு, இடுப்பு எலும்பில் விரிசல், தலையில் அடி. 108 வண்டி முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கிறது. ஊரிலிருந்து நாலைந்து மணி நேரப் பயணம்.

இந்தத் தூரம்தான் முதலில் கவனிக்க வேண்டியது. ஆஸ்பத்திரியில் ஒரு குழு, ஊரில் ஒரு குழு என்று முதல் நாளே பிரிந்துவிட வேண்டும். எல்லோரும் முண்டியம்பாக்கத்துக்கு ஓடினால் பிள்ளைகளுக்கு ஆள் இருக்காது, ஆட்டுக்கும் மாட்டுக்கும் இருக்காது. இரண்டு குழுவுக்கும் நடுவில் ஒருங்கிணைக்க ஒரே ஒருவர். அது கணவராக இருக்கக் கூடாது. அவர் டாக்டரிடம் பேச வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், தூங்க வேண்டும். ஒன்றுவிட்ட தம்பியோ, பக்கத்து வீட்டு டீச்சரோ, தாராளமாக "முடியாது" என்று சொல்லத் தெரிந்த ஒருவர் இதற்குச் சரி. எல்லோருக்கும் நல்லவராக இருக்க நினைப்பவர் இந்த வேலைக்கு ஆக மாட்டார்.

அவர் கையில் ஒரு நோட்டு, ஒரு வாட்ஸ்அப் குழு. குழுவில் அட்மின் மட்டும் செய்தி போடும்படி அமைத்துவிடுங்கள். இல்லையென்றால் "குணமாக வேண்டுகிறோம்" படங்களுக்கு நடுவே ரத்தம் கேட்ட செய்தி காணாமல் போய்விடும். தினமும் இரவு எட்டு மணிக்கு நாலு வரி. இன்று என்ன நடந்தது, நாளை என்ன, யார் வர வேண்டும், யார் வர வேண்டாம். இந்த நாலு வரி ஒழுங்காகப் போனாலே கணவருக்கு வரும் போன்கள் பாதியாகக் குறையும்.

கேட்கும் விதம் முக்கியம். "உதவி தேவைப்படுகிறது" என்று போட்டால் இருநூறு பேர் கைகூப்பும் பொம்மை போடுவார்கள், ஒருவரும் வர மாட்டார்கள். "செவ்வாய் இரவு 9 மணி முதல் புதன் காலை 7 வரை, பெண்கள் வார்டில் கூட இருக்க ஒரு பெண் வேண்டும். பாய், போர்வை இருக்கிறது. யார் வருகிறீர்கள் அத்தை, சித்தி?" என்று போட்டால் பத்து நிமிடத்தில் ஒரு பெயர் வரும். நாள், நேரம், வேலை, எப்போது முடியும் என்ற நான்கும் இருந்தால்தான் கேட்டவருக்கு மனதுக்குள் கணக்குப் போட முடியும். முடிவு தெரியாத வேலைக்கு யாரும் முன்வரத் தயங்குவார்கள்.

விபத்துப் படத்தையும் நொறுங்கிய காரையும் குழுவில் போட வேண்டாம். "தூக்கக் கலக்கத்துல ஓட்டிட்டாராம்" போன்ற ஊகமும் வேண்டாம். நாளை இழப்பீட்டு வழக்கில் எதிர்த்தரப்புக்கு அது தீனி. அதைவிட, ஒன்பதாவது படிக்கும் அந்தப் பெண்ணின் போனுக்கும் அந்தப் படம் போய்ச் சேரும்.

ரத்தம்

இங்கேதான் ஆர்வம் அதிகம், வீணாவதும் அதிகம். தொடையும் இடுப்பும் உடைந்தால் உள்ளுக்குள்ளேயே நிறைய ரத்தம் போகும். அறுவை சிகிச்சை ஒன்றோடு முடியாமல் இரண்டாவதும் வரலாம். முதல் நாளே இருபது இளைஞர்கள் வேன் பிடித்து வந்து கொடுத்துவிட்டால், அதன்பின் ஆண்கள் மூன்று மாதமும் பெண்கள் நான்கு மாதமும் மறுபடி கொடுக்க முடியாது. பத்தாம் நாள் இரண்டாவது ஆபரேஷனுக்குக் கேட்கும்போது ஊரில் ஆள் இருக்காது. சிவப்பணுக்களை ஐந்தாறு வாரம் வைத்திருக்கலாம், தட்டணுக்கள் ஐந்தே நாள்தான் தாங்கும். எனவே ரத்த வங்கி எத்தனை யூனிட் கேட்கிறதோ அத்தனை பேர் மட்டும் போங்கள். மற்றவர்களின் பெயர், பிரிவு, கடைசியாகக் கொடுத்த தேதி மூன்றும் நோட்டில் இருக்கட்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. எடுத்த ரத்தத்துக்கு ஈடாகக் கொடுப்பதற்கு அதே பிரிவு தேவையில்லை. ஓ நெகட்டிவ் தேடி மாநிலம் முழுக்கச் செய்தி பரப்புவதற்கு முன் "எங்களுக்கு அதே குரூப் வேணுமா, ஈடு கொடுத்தால் போதுமா?" என்று ரத்த வங்கியில் ஒரு கேள்வி கேளுங்கள். கொடுக்கப் போகிறவருக்கு வயது 18 முதல் 65, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5க்குக் குறையாமல். வெறும் வயிற்றோடு போகக் கூடாது. முந்தின இரவு குடித்தவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், வேன் வாடகைதான் நஷ்டம்.

காகிதம்

தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவருக்கு, அவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் கட்டும் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கியது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். தொடங்கும்போது வரம்பு ஒரு லட்சம் ரூபாய். இப்போதைய வரம்பை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். மத்திய அரசின் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்தது: ஏழு நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை. இதற்குப் பிறகுதான் முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீடு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. அட்டை இல்லாதவர்கள் வி.ஏ.ஓ. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் வைத்துக்கொண்டு தங்கள் மாவட்டக் கலெக்டர் அலுவலகக் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். அதாவது தஞ்சாவூருக்கு. இதை முண்டியம்பாக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் செய்ய முடியாது. ஊர்க் குழுவின் முதல் வேலை இதுதான்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே ஏ.ஆர். காப்பி வாங்குங்கள். விபத்துப் பதிவேட்டு நகல் என்று முழுப்பெயர். யார் கொண்டுவந்தார்கள், எப்படி அடிபட்டது, என்னென்ன காயம் என்று அதில் இருக்கும். "மாடியிலிருந்து விழுந்தார்" என்று பதற்றத்தில் யாரோ சொல்லி அப்படியே பதிவாகியிருந்தால் வழக்கு முழுக்க அது துரத்தும். எஃப்.ஐ.ஆர். விபத்து நடந்த இடத்து ஸ்டேஷனில்தான். வண்டி எண், ஓட்டுநர் உரிமம், இன்சூரன்ஸ் விவரங்கள் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பொறுமையாகப் படிக்கத் தெரிந்த ஒருவர் போக வேண்டும். மோதியவர் யாரென்றே தெரியாமல் போய்விட்டாலும், படுகாயத்துக்கு 50,000 ரூபாயும் உயிரிழப்புக்கு 2 லட்சமும் தரும் ஏற்பாடு 2022 ஏப்ரலிலிருந்து இருக்கிறது.

இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போட வேண்டும் என்பது 2019 திருத்தச் சட்டம் சொல்வது. உளுந்தூர்பேட்டைக்கு அலைய வேண்டியதில்லை. அடிபட்டவர் குடியிருக்கும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலேயே போடலாம். மருத்துவமனை வாசலில் விசிட்டிங் கார்டோடு நின்று, "நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க, மத்தத நாங்க பாத்துக்கிறோம்" என்று வெற்றுத்தாளை நீட்டுபவர்களிடம் எதுவும் கொடுக்காதீர்கள். வக்கீலை ஊருக்குத் திரும்பி நிதானமாகத் தேடலாம், ஆறு மாதம் இருக்கிறது. அதே நேரம், ஆறு மாதம் இருக்கிறதே என்று ஆறாவது மாதம் வரை தூங்கவும் கூடாது.

உதவிக் குழுவின் நோட்டு இந்த வழக்குக்கும் உதவும். இழப்பீட்டில் மருத்துவச் செலவு, வருமான இழப்பு மட்டும் அல்லாமல் கூட இருந்து பார்த்துக்கொண்டவர் செலவு, சத்துணவு, போக்குவரத்து என்று தனித்தனித் தலைப்புகள் உண்டு. ஆட்டோவுக்குக் கொடுத்த 300 ரூபாயை, தேதியோடும் போன இடத்தோடும் எழுதி வையுங்கள். மருந்துக்கடை பில்லில் நோயாளியின் பெயர் இருக்கட்டும். வெயில் பட்டால் அந்தக் காகிதத்தில் எழுத்து மறைந்துவிடும், உடனே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

காரை ஓட்டியவர் அதன் உரிமையாளரே என்றால் இன்னொரு பாலிசியைத் தேடிப் பாருங்கள். உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு வழக்கமாகக் கார் இன்சூரன்ஸோடு சேர்த்து விற்கப்படுகிறது. இது எலும்பு முறிவுக்குப் பணம் தராது. உயிரிழப்பு, கை கால் கண் இழப்பு, நிரந்தர முழு ஊனம் ஆகியவற்றுக்குத்தான். ஈ.எஸ்.ஐ. உள்ளவர் வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டிருந்தால் அது பணியிடக் காயமாகவே கணக்கிடப்பட வாய்ப்புண்டு. நிறுவனத்திடம் உடனே எழுத்தில் தெரிவியுங்கள்.

மொய்யா, உதவியா?

பட்டுக்கோட்டை, பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து ஆட்களுக்குப் பணம் திரட்டச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆடி மாதம் வந்தால் பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, மேசை வரிசையில் நோட்டு வைத்து மொய் எழுதும் மண் அது. கணக்குச் சுத்தத்தில் அந்த மொய் நோட்டை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் மொய் திருப்பிச் செய்ய வேண்டிய பணம். விபத்துக்கு வந்த பணத்தைச் சிலர் உதவியாகவும் சிலர் மொய்யாகவும் மனதில் எழுதிக்கொள்கிறார்கள். மூன்று வருடம் கழித்து அவர்கள் வீட்டுக் காதுகுத்துக்குச் செய்முறை போகவில்லை என்றால் பேச்சு வருகிறது. கேட்கும்போதே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "இது மொய் இல்லை, திரும்பச் செய்ய வேண்டியதில்லை." கடனாகத் தருபவர் இருந்தால் அவர் கணக்கு தனிப் பக்கம்.

பணம் ஒரே கணக்குக்கு வரட்டும். கணவர் பெயரிலோ நோயாளியின் பெயரிலோ உள்ள வங்கிக் கணக்கு. ஒருங்கிணைப்பவர் தன் சொந்தக் கணக்கில் வாங்கவே கூடாது. எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் நாலாவது மாதம் ஒரு பேச்சு கிளம்பும். க்யூ.ஆர். படத்தைச் செய்தியோடு அனுப்பினால், யாரோ அதே செய்தியில் வேறு க்யூ.ஆர். ஒட்டிச் சுற்றவிடுவது நடக்கிறது. எனவே கணக்கில் தெரியும் பெயரையும் எழுதி, "பணம் அனுப்பும் முன் திரையில் இந்தப் பெயர் வருகிறதா பாருங்கள்" என்று சொல்லுங்கள். பணம் பெறுவதற்கு ரகசிய 'பின்' நம்பர் போடத் தேவையே இல்லை என்பதைக் கணவருக்கும் சொல்லி வையுங்கள். பதற்றத்தில் இருக்கும் வீட்டைத்தான் மோசடிக்காரர்கள் தேடுகிறார்கள். ஆதார் அட்டைப் படத்தையும் முழு மருத்துவ அறிக்கையையும் பொதுவில் போட வேண்டாம்.

வருமான வரி பற்றி யாரும் யோசிப்பதில்லை. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் அந்தத் தொகை முழுவதும் வாங்கியவரின் வருமானத்தில் சேரக்கூடியது. சட்டத்தின் கண்ணில் அக்கா கணவர் உறவினர். பெரியப்பா மகன் உறவினர் இல்லை! பெரிய தொகை எதிர்பார்த்தால் ஆடிட்டர் ஒருவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். முடிந்தவரை மருத்துவமனைக் கணக்குக்கே நேராகக் கட்டச் சொல்லி ரசீது வாங்குங்கள். ஒரே சிகிச்சைக்கு ஒருவர் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கட்டவும் முடியாது. மஞ்சள் பையில் பணத்தோடு பில்லிங் கவுன்டரில் நிற்கும்போது இது தெரியவருவது கொடுமை.

எவ்வளவு கேட்பது? ஆபரேஷன் செலவைக் கேட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அரசுத் திட்டம் பெரும்பாலும் அதைத்தான் ஏற்கும். ஏற்காதவை: ஆறு மாத வருமானம், கூட இருப்பவரின் சாப்பாடு, பரிசோதனைக்கு வந்துபோகும் வண்டி, கட்டில் வாடகை, பிசியோ, நகைக்கடன் வட்டி. இவற்றை மாதவாரியாக எழுதி, "மாதம் 500 ரூபாய், ஆறு மாதம்" என்று முப்பது பேரிடம் கேளுங்கள். ஒரே தடவையாக வரும் பெரிய தொகையைவிட மாதாமாதம் வரும் 15,000 அந்த வீட்டை நிமிர்த்தும்.

கட்டிலைச் சுற்றி

டிஸ்சார்ஜ் தேதி தெரிந்ததும் ஊர்க் குழு வீட்டுக்குள் இறங்க வேண்டும். ஒரு கொத்தனார், ஒரு பிளம்பர், ஒரு நாள் போதும். கட்டில் முதலில். பாயில் படுக்கவைத்து எழுப்ப முடியாது. உட்கார்ந்தால் பாதம் தரையில் படும் உயரம், சுமார் 45 முதல் 50 செ.மீ. தலைப்பக்கம் தூக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலை மாத வாடகைக்கு எடுக்கலாம். அதைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள்; இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடம் வேண்டும். சக்கர நாற்காலி 60-65 செ.மீ. அகலம். கதவு 75 செ.மீ. இருந்தால்தான் விரல் நசுங்காமல் நுழையும்.

சாய்தளம் கட்டிவிடலாம் என்று உற்சாகமாகக் கிளம்புவார்கள். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. நம் வீட்டுத் திண்ணை ஒன்றரை அடி என்றால் பதினெட்டு அடிச் சாய்தளம், அது தெருவுக்கே போய்விடும். செங்குத்தாகக் கட்டினால் நாற்காலி பின்னால் உருளும். மாதம் ஓரிரு முறைதான் வெளியே போகப் போகிறார் என்றால், கைப்பிடியுள்ள மர நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்குவதே மேல். அந்த நான்கு பேரின் பெயரை நோட்டில் எழுதுங்கள். சாய்தளத்துக்கான சிமென்ட்டைக் குளியலறைக்குச் செலவழியுங்கள்: நிலைப்படியை மட்டமாக்க, சுவரில் எவர்சில்வர் கைப்பிடி பதிக்க. தாழ்ப்பாளுக்குப் போடும் திருகாணி அந்தக் கைப்பிடிக்குப் போதாது. ஆங்கர் போல்ட் போட்டு, ஒரு பெரியவர் தொங்கிப் பார்த்த பிறகே நம்ப வேண்டும்.

படுக்கைப் புண்ணைத் தடுக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிலை மாற்ற வேண்டும். ஏர் பெட் வாங்கியாகிவிட்டதே என்று விட முடியாது, அது கூடுதல் உதவிதான். காற்றடைத்த வளையத்தை இடுப்புக்கடியில் வைப்பது நம் ஊர்ப் பழக்கம். அது சுற்றிலும் அழுத்தி நடுப்பகுதிக்கு ரத்தம் போவதைத் தடுக்கும், வேண்டாம். தினமும் குதிகால், இடுப்புக் கீழ் எலும்பு இரண்டையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்பச் சிவக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே இருந்தால் புண் தொடங்கிவிட்டது. இடுப்பு எலும்பு உடைந்தவரை ஒருவர் தனியாகப் புரட்டக் கூடாது. தலை முதல் கால் வரை ஒரே கட்டையாகத் திருப்ப மூன்று பேராவது வேண்டும். எப்படி என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே வார்டு நர்சிடம் ஊர்க் குழுவில் நாலு பேர் கற்றுக்கொண்டு வாருங்கள்.

இந்த ராத்திரி முறைதான் மொத்த ஏற்பாட்டின் உயிர். இரவு 10, 12, 2, 4. பக்கத்து வீடுகளிலிருந்து நாளுக்கு இரண்டு பேர், வாரம் ஒரு முறை வந்தால் பதினாலு பேர் போதும். பத்து மணிக்கு வந்து அங்கேயே திண்ணையில் படுத்துவிட வேண்டும். "கூப்பிடுங்க வர்றேன்" என்றால் அந்தக் கணவர் கூப்பிட மாட்டார்.

பெண் நோயாளி என்றால் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு சிக்கல் உண்டு. பெட் பேன் கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார். விளைவு, சிறுநீர்த் தொற்று. வலி மருந்தோடு சேர்ந்து மலச்சிக்கல். மூன்றாம் நாள் வயிறு உப்பிச் சாப்பாடும் நின்றுவிடும். அதற்கென்று இரண்டு பெண்களை மட்டும், அவரே தேர்ந்தெடுத்தவர்களை, நிரந்தரமாக வையுங்கள். அது மாமியாராகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் முடிவுசெய்ய வேண்டாம்.

பார்க்க வருகிறவர்கள் பாசத்தில் செய்யும் ஆபத்தான காரியம் காலைப் பிடித்துவிடுவது. பல நாள் அசையாமல் கிடந்த காலின் உள் ரத்தக்குழாயில் கட்டி இருக்கலாம். அமுக்கினால் அது கிளம்பி நுரையீரலுக்குப் போகலாம். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கினாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ 108. அடுத்தது, "புத்தூர் கட்டுப் போட்டா சரியாப் போயிடும்" என்று காரையே கொண்டுவந்து நிறுத்தும் மாமா. கம்பி வைத்துத் தைத்த காலை இழுத்துக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று காலையே எடுக்க வேண்டி வரலாம். மாமாவிடம் மருமகன் வாதாட முடியாது. ஒருங்கிணைப்பவர்தான் பேச வேண்டும்.

சாப்பாடு

முட்டை, மீன், கத்தரிக்காய் கொடுத்தால் சீழ் பிடிக்கும் என்று ரசஞ்சோறும் பிரெட்டுமாகப் பல வாரம் ஓட்டிவிடுகிறார்கள். புண் ஆறவும் எலும்பு கூடவும் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு 72 முதல் 90 கிராம் வரை. ஆட்டுக்கால் சூப் சூடாக, ருசியாக இருக்கும். அதை மட்டும் நம்பினால் இந்தக் கணக்கு எட்டாது. முட்டை ஒன்றுக்கு 6 கிராம். அரை லிட்டர் பாலில் 16. வெந்த கோழிக்கறி 100 கிராமில் சுமார் 25. ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12 முதல் 14. சாம்பாரில் பருப்பு தேட வேண்டும், கெட்டிப் பருப்பாகக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்ட பிறகு.

சாப்பாட்டு முறை போடும்போது பத்து வீடும் மதியத்துக்கே கொண்டுவரும். மதியம் ஒரு வீடு, இரவு ஒரு வீடு, அதுவும் வாரத்தில் ஐந்து நாள். மீதி இரண்டு நாள் அவர்களே சமைக்கட்டும். தினமும் அடுத்தவர் சோறு என்பது மனதை உறுத்தும். திரும்பக் கொடுக்கத் தேவையில்லாத டப்பாவில் கொடுங்கள். யாருடைய தூக்குவாளி எது என்று பார்ப்பதே தனி வேலையாகிவிடுகிறது. அரசுத் தொடக்கப் பள்ளியில் காலை உணவும் உண்டு, சத்துணவும் உண்டு. நாலாவது படிக்கும் பையனுக்கு இரவுச் சாப்பாடுதான் கவலை. பெண்ணுக்குப் பள்ளியில் காலை உணவு இல்லை. அவள் காலையில் வெறும் வயிற்றோடு போகிறாளா என்று ஒரு அத்தை பார்த்துக்கொள்ளட்டும்.

ஒன்பதாவது படிக்கும் பெண்ணைக் குட்டி அம்மாவாக ஆக்கிவிடுவது நாம் எளிதாகச் செய்யும் தவறு. துவைப்பது, தம்பியைப் பார்ப்பது, அம்மாவுக்குக் கழுவிவிடுவது எல்லாம் அவள் தலையில். அவளுக்கு டியூஷன் நேரமும் தூங்கும் நேரமும் நோட்டில் எழுதப்பட வேண்டும், மற்ற வேலைகளைப் போலவே. அம்மாவுக்கும் அம்மா வேலை கொஞ்சம் மிச்சம் வையுங்கள். பையனின் டைரியில் கையெழுத்து, வாய்ப்பாடு ஒப்பிப்பதைக் கேட்பது இரண்டையும் படுத்துக்கொண்டே செய்யலாம்.

தலையில் அடிபட்டவருக்கு எரிச்சல் அதிகம், சத்தமும் வெளிச்சமும் ஆகாது. ஒரு நேரத்தில் ஒருவர், பதினைந்து நிமிடம், டி.வி. அணைத்து. விபத்து எப்படி நடந்தது என்று ஒவ்வொருவரும் முதலிலிருந்து கேட்காதீர்கள். திடீர் வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், பேச்சுக் குழறல் என்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி. தூக்கத்தில் அலறுகிறார், கார் சத்தத்துக்கே நடுங்குகிறார் என்று வாரக்கணக்கில் நீண்டால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

பிசியோவுக்கு நகரத்துக்குத் தூக்கிக்கொண்டு அலைவதற்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். அவர் தினமும் வர முடியாது. வராத நாட்களில் முட்டியை மடக்கி நீட்டும் பயிற்சியை எண்ணிக் குறிக்க ஒருவர் வேண்டும். தொடையில் ராடு வைத்த பிறகு முட்டியை மடக்காமல் விட்டால் எலும்பு கூடியும் கால் மடங்காது. காலை எப்போது ஊன்றலாம் என்பதை எக்ஸ்ரே பார்த்த டாக்டர்தான் சொல்ல வேண்டும், "எங்க சித்தப்பா ஒரே மாசத்துல நடந்தாரு" என்பவர் இல்லை. வாக்கர் உயரம்: கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகை இருக்கும் இடத்தில் கைப்பிடி. குனிந்து நடந்தால் உயரம் குறைவு, தோள் ஏறினால் அதிகம்.

ஆறு மாதத்தில் கட்டில் வாடகைக் கடைக்குத் திரும்பும். நோட்டையும் மிச்சப் பணத்தையும் குடும்பத்திடமே கொடுத்துக் கணக்கு முடித்துவிடுங்கள். வரவு, செலவு, மீதி என்ற மூன்று வரி குழுவில் போகட்டும். வாக்கர் அடுத்த தெருவில் யாருக்காவது போகும். கொடுப்பதற்கு முன் அதன் நாலு கால் ரப்பரையும் தடவிப் பாருங்கள். வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் ஈரத் தரையில் வழுக்கும். மாற்று ரப்பர் சர்ஜிகல் கடையில் கிடைக்கும், ஒரே அளவில் நாலும் வாங்க வேண்டும்.